பெட்ரோல் அமுக்கத்தைச் சீர்செய்யும் கருவி

மோட்டார் வண்டியின் முகப்புமூடியைத் தூக்கி எஞ்சினை உற்று நோக்குவார்க்கு, அதன் மேற்புறத்தே செல்லும் ஒரு குழாயின் கடைசியில், மூக்குப்பொடி டப்பியை ஒத்த சிறியதோர் உறுப்புத் தென்படும். அதன் தலையிலிருந்து மெல்லிய இரப்பர்க் குழாயொன்று புறப்பட்டு எஞ்சினின் உறிஞ்சு குழாயிற் சென்று சேரும். இவ்வுறுப்பை மெக்கானிக்குகள் ரெகுலேட்டர் என்பர். தமிழிற் கூறப்புகின் அமுக்கச் சீராக்கி எனலாம். தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே நிற்கும் இதனை நீக்கிவிட்டு, திருகாணியால் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளத்தக்க வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் வண்டிகளில் ஆர்வமுடைய இளைஞரிடையே உண்டு. பொருத்துதல் அரிய வேலையன்று. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆயினும், அத்திருகாணி எதனைத் திருப்புகின்றது என்றறியாமல் அதிற் கைவைத்து எஞ்சினையே இழந்தாரும் உளர். ஆதலின் கருவியின் தொழிலை முன்னரும், அதனைப் பொருத்தும் முறையைப் பின்னரும் கூறுவோம்.

நம் நாட்டு ஏரி ஒன்றை மனத்திற் கொள்க. ஆற்றுக்கால் வழியே நீர் வந்துகொண்டேயிருக்கின்றது. வயலுக்கு நீர் விடுவதற்கு மதகு உண்டு. மிகுந்த நீர் வழிந்தோடுவதற்குக் கலிங்கு உண்டு. மதகின் வழியே ஒரு நாழிகையிற் பாயும் நீரின் அளவு, மதகு திறந்த அளவை மட்டுமன்றி ஏரியின் நீர்மட்டத்தையும் பொறுத்தது. கலிங்கு அம்மட்டத்தை ஒரே நிலையில் நிறுத்துவதால், மதகைத் திறந்துவைக்கும் நேரத்தைக் கொண்டே பாய்ந்த நீரைக் கணக்கிட்டுவிடலாம். எஞ்சினிலும் இவ்வாறே. பெட்ரோல் தொட்டியிலுள்ள பம்பு ஆற்றுக்காலாகும்; அஃது எஞ்சினுக்கு வேண்டியதினும் மிகுதியான பெட்ரோலை எப்பொழுதும் அனுப்புகின்றது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் மதகுகள். ரெகுலேட்டரே கலிங்கு, மிகுந்த பெட்ரோல் அதன் வழியே வழிந்து, திரும்பு குழாயால் தொட்டியை மீண்டும் சேர்கின்றது.

இன்ஜெக்டருக்கு அளக்கத் தெரியாது என்பதை இங்கே கருதவேண்டும். அது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு வால்வு, அவ்வளவே. எஞ்சின் சும்மா ஓடும்போது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிசெகண்டு திறந்திருக்கும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதை வண்டியின் கணிப்பொறி தீர்மானிக்கின்றது. அக்கணிப்பொறி தன் கணக்கையெல்லாம், அமுக்கம் இன்ன அளவில் நிற்கின்றது என்ற நம்பிக்கையின்மேற் போடுகின்றது. பெரும்பாலான பழைய அமைப்புகளில் அமுக்கத்தை நேரே அறிய அதற்கு வழியில்லை. ரெகுலேட்டரின் திருகாணியைத் திருப்புவோன் கணிப்பொறிக்குச் சொல்லாமல் படியின் அளவை மாற்றுகின்றான்.

ரெகுலேட்டரின் உள்ளே ஒரு சவ்வு உண்டு. சவ்வின் ஒருபுறம் பெட்ரோலும் மறுபுறம் ஒரு சுருள்வில்லும் நின்று ஒன்றையொன்று தள்ளும். பெட்ரோலின் அமுக்கம் வில்லின் வலிமையை மிஞ்சினால் சவ்வு விலகும். வால்வு திறந்து மிகுதி வெளியேறும். திருகாணியை உட்புறமாகத் திருகினால் வில் இறுகி அமுக்கம் உயரும். தளர்த்தினால் தாழும். ஏரிக் கலிங்கின்மேல் நட்ட கற்களிடையே பலகையிட்டு நீர்மட்டத்தை உயர்த்தும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

தலையிலுள்ள மெல்லிய இரப்பர்க் குழாய் எதற்காக? இன்ஜெக்டரின் வாய் வெளிக்காற்றிலன்று, உறிஞ்சு குழாயினுள்ளே திறக்கின்றது. எஞ்சின் சும்மா ஓடும்போது அங்கே அமுக்கம் வெளிக்காற்றினும் ஏறக்குறைய 0.6 பார் குறைந்திருக்கும். திராட்டில் முழுதும் திறந்தால் வெளிக்காற்றின் அளவை நெருங்கும். (ஒரு பார் என்பது சதுர அங்குலத்துக்கு 14.5 ராத்தல்.) மதகின் அப்புறத்து வயலில் நீர் ஏறியும் இறங்கியும் வருமாயின், ஏரியின் மட்டமும் உடனேறி உடனிறங்கினாலன்றி மதகிற் பாய்வது ஒரே அளவாய் இராது. ஆகவே உறிஞ்சு குழாயின் அமுக்கத்தை இரப்பர்க் குழாய் சவ்வின் வில்லுப்புறத்துக்குக் கொண்டுசெல்கின்றது. டர்போ பூட்டிய எஞ்சினில் அது மறுதலையாய்ப் பயன்படும். உறிஞ்சு குழாயில் ஒரு ராத்தல் ஏறினால் பெட்ரோலிலும் ஒரு ராத்தல் ஏறும். ஆதலின் ரெகுலேட்டர் காப்பது அமுக்கத்தையன்று, இரு அமுக்கங்களின் வேற்றுமையை என்று அறிக.

இதன் வரலாறும் சுவையுடையது. ஜெர்மனியிலுள்ள பாஷ் கம்பெனியார் 1967 இல் வோக்ஸ்வாகன் 1600 வண்டிக்கு அமைத்த டி-ஜெட்ரானிக் என்னும் முறையில், ரெகுலேட்டர் திருகாணி உடையதாகவே இருந்தது. மெக்கானிக் மானியைப் பூட்டி ஏறக்குறைய 2 பாருக்கு அமைத்தல் வேண்டும். உறிஞ்சு குழாயின் அமுக்கத்தை அம்முறையிற் கணிப்பெட்டியே தனியே அறிந்து கணக்கிற் சேர்த்துக்கொண்டது. பின்னர் 1973 அளவில் வந்த எல்-ஜெட்ரானிக் முறையில், காற்றின் அளவை நேரே அறியும் கருவியும், இரப்பர்க் குழாயோடு கூடிய ரெகுலேட்டரும் சேர்ந்தன. அந்த ரெகுலேட்டர் 2.5 அல்லது 3 பாரில் தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்பட்டது. எனவே, இன்று புதுமையென்று வாங்கப்படும் திருகாணி பழமைக்குத் திரும்புதலே.

இனி அமுக்கத்தை உயர்த்தினால் எவ்வளவு பெட்ரோல் கூடும்? பௌதிகம் பயிலும் மாணவர் டாரிசெல்லியின் விதியை நினைவுகூர்வார்களாக. பாய்வது அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஒத்தபடி கூடுமேயன்றி அமுக்கத்துக்கு ஒத்தபடி கூடாது. 3 பாரை 4 ஆக்கினால் பெட்ரோல் மூன்றிலொரு பங்கு கூடுமென்று எண்ணுவோர் பலர். கூடுவது நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கே. இருமடங்காக்க வேண்டின் அமுக்கத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதனைப் பம்பு தாங்காது. அன்றியும், அமுக்கம் உயர உயரப் பம்பு அனுப்பும் அளவு குறையும். ஆகையால் பெரிய மாற்றத்துக்கு இக்கருவி உரியதன்று. எஞ்சினைச் சற்றே மாற்றியமைத்து, உள்ள இன்ஜெக்டர்களால் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடப் பெறவேண்டிய இடத்திலும், வேறு வண்டியின் இன்ஜெக்டர்களைப் பூட்டி அவற்றுக்குரிய அமுக்கத்தை அமைக்கவேண்டிய இடத்திலும், முத்திரையிட்ட பழைய ரெகுலேட்டர் கெட்டு அதே இனம் கிடைக்காதவிடத்தும் இது பயன் தரும். எஞ்சினில் வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் பூட்டினால் வலிமை கூடும் என்பது கடைக்காரரின் வாக்கு.

யான் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். அன்பர் ஒருவர் தம் பழைய வண்டியில் இக்கருவியைப் பூட்டினார். வலிமை வேண்டியன்று, பெட்ரோற் செலவைக் குறைப்பதற்காக. 3 பாரில் நிற்கவேண்டியதை 2.4 ஆகத் தாழ்த்தினார். வண்டி முன்போலவே ஓடிற்று. ஒரு மாதம் சென்றும் யாதொரு குறையும் காணாமையால் தம் செய்கை சரியே என்று மகிழ்ந்தார். பின்னர்க் குடும்பத்தோடு மலைப்பாதையில் ஏறுகையில், எஞ்சினில் ஆணி தட்டுவதுபோன்ற ஓசை எழுந்தது. வளைவுகள் சிலவற்றைக் கடப்பதற்குள் நீலப்புகை சூழ வண்டி நின்றது. எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுழையுமளவு துளை உருகியிருந்தது.

ஒரு மாதம் ஓடிய வண்டி ஒரு மணி நேரத்தில் உருகுவானேன்? புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரி, பெட்ரோல் குறைந்ததென்று கணிப்பொறிக்கு அறிவிக்கும். கணிப்பொறி இன்ஜெக்டரைச் சற்று அதிக நேரம் திறந்து குறையை ஈடுசெய்யும். சமவெளியில் மெதுவாகச் செல்லுங்கால் இத்திருத்தம் நடைபெறுவதால், அன்பர் சேமித்தது ஒரு துளியுமில்லை. ஆனால் திராட்டிலை முழுதும் திறந்து ஏறும்பொழுது, இவ்வகைப் பழைய அமைப்புகள் உணரியின் சொல்லைக் கேளாமல், எழுதிவைத்த கணக்கின்படியே நடக்கும். அங்கேதான் 2.4 பாரின் குறை, நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல், முழுதும் வெளிப்பட்டது. எஞ்சின் மிகுந்த பெட்ரோலை வேண்டி நிற்கும் வேளை அதுவே. இத்திருகாணியின் பிழை நாம் சோதிக்கும் இடத்தில் மறைந்து, சோதிக்க இயலாத இடத்தில் தோன்றும். அமுக்கத்தை மிகையாக உயர்த்தினாலும் கேடு உண்டு. கருப்புப் புகையும், பிளக்குகளிற் கரியும், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய் கழுவப்படுதலும் நேரும். ஆனால் அது மெதுவாய் வரும் கேடு.

இனிப் பொருத்தும் முறை. திரும்பு குழாயுள்ள அமைப்புக்கே இங்குக் கூறுவது பொருந்தும். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். திரும்பு குழாய் எஞ்சின்வரை வராது. சிலிண்டருக்குள் நேரே பீச்சும் எஞ்சின்களில் அமுக்கம் 100 பாரைக் கடக்கும். அவற்றை அணுகவே கூடாது. கார்புரேட்டர் வண்டிகளுக்கு விற்கப்படும் ரெகுலேட்டரும் வேறினம். அது சதுர அங்குலத்துக்குச் சில ராத்தல்களையே ஆளும்.

வேலை தொடங்குமுன் குழாயினுள் அடைபட்டிருக்கும் அமுக்கத்தைப் போக்கவேண்டும். பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டுக. பெட்ரோல் தீர்ந்து தானே நின்றுவிடும். பின் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுக. எஞ்சின் நன்றாக ஆறவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையிற் படர்ந்து பள்ளங்களில் தேங்கும். அது பற்றுவதற்குச் சுடர் வேண்டியதில்லை, ஒரு சுவிட்சின் பொறி போதும். ஆதலால் குழிவெட்டிய கொட்டகையை விடுத்து வெளியில் வேலை செய்க. தீயணைக்கும் கருவி எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு அதை மட்டும் இரவல் வாங்க மறப்போர்க்கு யான் சொல்லத்தக்கது வேறொன்றுமில்லை.

பழைய ரெகுலேட்டரைப் பெரும்பாலும் இரண்டு போல்ட்டுகளே பிடித்திருக்கும். கந்தையைச் சுற்றிக்கொண்டு மெல்லக் கழற்றி, அதனுடன் உள்ள இரப்பர் வளையம் குழாயினுள் தங்கிவிடாமற் பார்த்தெடுக்க. அவ்விடத்தில் எஞ்சினுக்கேற்ற இணைப்புத் தகட்டைப் புதிய வளையத்தோடு பொருத்துக. வளையத்துக்கு ஒரு துளி எண்ணெய் தடவினால் கிழியாது. தகட்டிலிருந்து வரும் குழாய் புதிய ரெகுலேட்டரின் பக்கத் துளைக்கும், அதன் அடித்துளையிலிருந்து செல்வது தொட்டிக்குத் திரும்பும் குழாய்க்கும் சேர்தல் வேண்டும். இவை மாறினால் கருவி வேலை செய்யாது. ரெகுலேட்டர் வண்டியின் உடலோடு உறுதியாகப் பிணிக்கப்பட்டு, புகைபோக்கியின் சூட்டுக்கு எட்டாமல் இருக்கவேண்டும். வளையத்தால் அடைபடும் இணைப்புகளில் வெள்ளைநாடா சுற்றற்க. அதன் நுனி கிழிந்து இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

குழாய் வாங்குவதில் சிக்கனம் வேண்டா. கார்புரேட்டர் வண்டிக்குரிய இரப்பர்க் குழாய் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் 3 பாரைத் தாங்குவதற்கு ஏற்பட்டதன்று. இன்ஜெக்டர் அமைப்புக்குரியது என்று எழுதப்பட்டதையே வாங்குக. இந்தியாவில் 2023 முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளமையால், குழாயும் சவ்வும் எத்தனாலுக்கு ஈடுகொடுப்பனவா என்று கேட்டறிதலும் அவசியம். கிளிப்புகள் குழாயை முழு வட்டமாக ஒரே சீராய் இறுக்குவனவாக இருத்தல் நலம்.

மெல்லிய இரப்பர்க் குழாயைத் திராட்டிலுக்கு அப்பாலுள்ள உறிஞ்சு குழாயில் இணைத்தபின், அமுக்கமானியைப் பூட்டி, பியூஸையும் பாட்டரியையும் மீட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை திருப்புக. பம்பு சிறிது நேரம் ஓடிக் குழாய்களை நிரப்பும். டார்ச் விளக்கோடு ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதத்தை வைத்துப் பார்க்க. ஈரம் சிறிதேனும் தென்பட்டால் எஞ்சினை ஓட்டற்க.

கசிவில்லையாயின் எஞ்சினை ஓட்டி, மெல்லிய குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துக்கொள்க. அடைக்காவிட்டால் காற்று உட்புகும். இந்நிலையிலேயே அமுக்கத்தை அமைத்தல் வேண்டும்; குழாய் பூட்டியிருக்கும்போது 3 பாருக்குத் திருகுவோர், உண்மையில் 3.6 ஐ அமைத்துவிடுவர். பூட்டுமறையைத் தளர்த்தி, திருகாணியைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்பி, மானி நிலைப்பதைக் காத்திருந்து காண்க. எவ்வளவு தளர்த்தியும் அமுக்கம் இறங்க மறுத்தால், குற்றம் ரெகுலேட்டரிலன்று. திரும்பு குழாய் குறுகியோ அடைபட்டோ இருக்கின்றது. அளவு வந்ததும் மறையை இறுக்கி மானியை மறுபடியும் பார்க்க. இறுக்கும்போது திருகாணி சிறிது நகர்வதுண்டு. பின்னர்க் குழாயைப் பூட்டினால் மானி ஏறக்குறைய 2.4 க்கு இறங்கவேண்டும். திராட்டிலைத் திடீரெனத் திறந்தால் கணப்பொழுது 3 க்குத் தாவவேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் சவ்வும் வில்லும் தம் தொழிலைச் செய்கின்றன. எஞ்சினை நிறுத்தியபின் அமுக்கம் சிறிது நேரமாவது நிற்றல் வேண்டும். உடனே வீழ்ந்தால் ரெகுலேட்டரின் வால்வோ, பம்பின் தடைவால்வோ, ஓர் இன்ஜெக்டரோ ஒழுகுகின்றதென்று கொள்க.

இவ்வளவும் மானி கூறுவது. அமைத்த அளவு எஞ்சினுக்கு ஏற்றதா என்பதை மானி கூறாது. அதற்குப் புகைபோக்கியில் ஆக்சிஜனை அளக்கும் கருவியைப் பூட்டி, முழுத் திராட்டிலில், தக்க இடத்தில், அறிந்தோர் முன்னிலையிற் சோதித்தலே வழி. அச்சோதனைக்கு வசதியில்லாதோர் தொழிற்சாலை குறித்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு வாரம் ஓட்டியபின் இணைப்புகளை மறுபடி சோதிக்க. பிற்காலத்தில் எஞ்சின் காரணமின்றிக் கரும்புகை கக்கினால், மெல்லிய இரப்பர்க் குழாயை ரெகுலேட்டரின் தலையிலிருந்து கழற்றி முகர்ந்து பார்க்க. உள்ளே பெட்ரோல் நனைந்திருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. அப்பொழுது பூட்டுவதற்காக, கழற்றிய பழைய ரெகுலேட்டரை எறிந்துவிடாமல், அதன் போல்ட்டுகளோடு துணியிற் சுற்றி வண்டியிலேயே வைத்திருப்பது நன்று.