கழுத்து அறுவைச் சிகிச்சை: தமனிக் காயத்துக்கு ஆயத்தமாக உள்ளனவா மருத்துவமனைகள்?

புது தில்லி: கழுத்து எலும்பில் செலுத்தப்படும் திருகு சில மில்லிமீட்டர் விலகினாலே, மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனி கிழியக்கூடும். அப்போது நோயாளி பிழைப்பது, மருத்துவமனை முன்கூட்டியே செய்துவைத்துள்ள ஏற்பாடுகளைப் பெரிதும் பொறுத்தது.

கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியே இருபுறமும் மேலேறும் இத்தமனிகள், மூளைத் தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் அளிக்கின்றன. கழுத்து அறுவைச் சிகிச்சையில் இவை காயமடைவது அபூர்வம். நூறில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. எனினும், முதலிரண்டு எலும்புகளை இணைக்கும் சிகிச்சையில் அபாயம் அதிகம். அவ்விரு எலும்புகளைத் திருகுகளால் பிணைக்கும் முறையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994-ல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது கையாளப்படுகிறது.

தமனி கிழிந்தால், ரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை வைத்து அழுத்துவதே முதல் பணி. கசிவு நிற்காவிட்டால் தமனியைத் தைக்கலாம் அல்லது கட்டிவிடலாம். தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகச் சுருளால் அடைப்பதும் உண்டு. ஆனால், மறுபுறத் தமனி மெலிந்திருந்தால், கட்டுவதே பக்கவாதத்துக்கு வழிவகுக்கும். எனவேதான் சி.டி. ஆஞ்சியோகிராம் மூலம் இரு தமனிகளையும் முன்னரே ஆராய வேண்டும் என்கின்றனர் வல்லுநர்கள். ஒருபுறம் காயம் நேர்ந்தால், மறுபுறத்தில் திருகு செலுத்துவதைத் தவிர்ப்பதே நல்லது. ரத்தம் நின்ற பிறகும் ஆஞ்சியோகிராம் அவசியம். சேதமடைந்த தமனிச் சுவர் வீங்கி, சில நாள்கள் கழித்தும் வெடிக்கலாம்.

இவ்வசதிகள் தில்லி எய்ம்ஸ், பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் உள்ளன. பெரும்பாலான மாவட்ட மருத்துவமனைகளில் இல்லை. 2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு தருகிறது. ஆனால், ரத்தம் பெருகும் வேளையில் காப்பீட்டு அட்டை கருவிக்கோ வல்லுநருக்கோ ஈடாகாது.

சிகிச்சையில் நேரும் ஒவ்வோர் அசம்பாவிதத்துக்கும் மருத்துவரைக் குற்றவாளியாக்க முடியாது. கடும் அலட்சியம் இருந்தால் மட்டுமே குற்ற வழக்குக்கு இடமுண்டு என 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, முக்கிய அபாயங்கள், மாற்று வழிகள் ஆகியவற்றை விளக்கியே ஒப்புதல் பெற வேண்டும் என 2008-ல் அது வலியுறுத்தியது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காயம் நேர்வது தவறாகாமல் இருக்கலாம். அதற்கு ஆயத்தமில்லாத இடத்தில் கத்தியை எடுப்பதை அப்படிச் சொல்லிவிட முடியாது. தமனி கிழிந்தால் இங்கு என்ன செய்வீர்கள் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்பது நோயாளியின் உரிமை. அதற்கு விடை கூறும் நிலையில் பொது மருத்துவமனைகளை வைத்திருப்பது அரசுகளின் கடமை.