செம்பனை ஓட்டுக்குள் ஒரு மரபணு

செம்பனைப் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே எண்ணெய்ச் சதை, நடுவில் வெள்ளைப் பருப்பு, இடையில் கருத்த ஓடு. ஓடு தடித்தால் சதை குறையும், எண்ணெயும் குறையும். தடித்த ஓடு கொண்ட மரம் டூரா. ஓடில்லாதது பிசிஃபெரா; அதில் பெரும்பாலும் காய் பிடிக்காது. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓட்டுடன் டெனெரா பிறக்கிறது. டூராவைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் எண்ணெய் தருவது இதுதான்.

மலேசியாவில் இன்றைய செம்பனைத் தோட்டங்கள் பல, முன்பு ரப்பர் தோட்டங்கள். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். நம் முன்னோர் ரப்பர் பால் வெட்டிய தோட்டங்கள் பல, அம்மாநிலத்தின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும், பின்னர் செம்பனைக்கு மாறின. அங்கே குலை அறுப்பவர் கையில் கிடைக்கும் பழத்தின் ஓட்டை, உயிரணுவின் கருவுக்குள் நடக்கும் ஒரு படியெடுப்பு வேலை தீர்மானிக்கிறது.

அந்த வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2. பன்னிரண்டு புரதங்கள் சேர்ந்த நொதிக் கூட்டு இது. டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் விலக்கி, ஓர் இழையைப் படித்து ஆர்.என்.ஏ. படி எடுக்கும்; அந்தப் படியைக் கொண்டே புரதம் உருவாகும். ஈஸ்ட்டில் இதன் அமைப்பை அணு அணுவாகக் காட்டிய ரோஜர் கோர்ன்பெர்க் 2006இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் எந்த மரபணுவை எப்போது படியெடுப்பது என்பதை இந்த நொதி தானாக முடிவு செய்வதில்லை. டி.என்.ஏ.வில் குறித்த இடத்தைப் பற்றிக்கொள்ளும் வேறு புரதங்களே அதை வழிநடத்துகின்றன.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜிந்தர் சிங்கும் குழுவினரும் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட, ஓட்டைத் தீர்மானிக்கும் 'ஷெல்' மரபணு அத்தகைய புரதம் ஒன்றுக்கானது. டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியில் ஒரேயோர் எழுத்து மாறினால் புரதம் செயலிழக்கிறது. தாய், தந்தை இருவழிப் பிரதிகளும் கெட்டால் ஓடே உருவாகாது; அதுதான் பிசிஃபெரா. ஒன்று மட்டும் கெட்டால் ஓடு மெலிகிறது; அது டெனெரா.

நாற்றுமேடையில் டூராவும் டெனெராவும் பார்வைக்கு ஒன்றே. காய்க்கச் சுமார் மூன்று ஆண்டு ஆகும். தவறான மரம் என்று அப்போது தெரிந்தாலும் அது இருபத்தைந்து ஆண்டு நிலத்தில் நிற்கும். இன்று கன்றின் இலைத்துண்டு ஒன்றின் டி.என்.ஏ.வே அது எந்த வகை என்று சொல்லிவிடும். இந்தச் சோதனை பெருநிறுவனங்களோடு நின்றுவிடாமல், ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் வாங்கும் கன்றுக்கும் கிடைக்க வேண்டும்.