சண்டிபூரில் கடல் விலகும் கணக்கு

பூரியிலும் திகாவிலும் விடுமுறைக் கூட்டத்தில் இடிபட்டு அலுத்துப்போன நம் சங்க அன்பர்கள் ஒரு முறை சண்டிபூருக்குப் போய் வரலாம். ஹவுராவிலிருந்து சென்னை மார்க்கத்தில் சுமார் 230 கி.மீ. சென்றால் பாலசோர், அங்கிருந்து 16 கி.மீ. கரக்பூர் டிவிஷனில் நான் பணியாற்றிய காலத்தில், லீவு கிடைத்தால் குடும்பத்துடன் அங்கேதான் போவேன். சவுக்கு மரங்களும் மீனவர் படகுகளும்தான் காட்சி. இன்று சில விடுதிகள் வந்துவிட்டாலும் பூரியின் சந்தடி கிடையாது.

இக்கடல் தினம் இருமுறை கரையை விட்டு ஐந்து கி.மீ. வரை விலகிப் போய்த் திரும்பி வருகிறது. மாயமல்ல, எல்லாம் கிரேடியன்ட் கணக்குதான். வங்கக் கடலின் வடகோடி ஆழம் குறைந்தும் குறுகியும் இருப்பதால் அங்கே கடலின் ஏற்ற இறக்கம் அதிகம். சென்னையில் சுமார் ஒரு மீட்டர் என்றால், இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர் அளவுக்கு இருக்கும். மூன்று மீட்டர் இறங்கினால் ஐயாயிரம் மீட்டர் தரை தெரிகிறது. அதாவது சரிவு ஏறக்குறைய 1,600-க்கு 1. நிற்கும் வண்டி தானாக உருளாதிருக்க, ஸ்டேஷன் யார்டில் 400-க்கு 1 என்பதற்கு மேல் சரிவு கூடாது என்பது ரயில்வே விதி. இந்தக் கடற்கரை அதைவிட நான்கு மடங்கு தட்டை!

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இனிச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். கடல் திரும்பி ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். ஆனால் ஒரே சீராக ஏறாது. உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. ஆக, நடு இரண்டு மணியிலேயே பாதிக் கடல் வந்து சேரும். மணிக்கு ஒன்றேகால் கி.மீ. தானே, நடந்தே முந்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் தரை பார்வைக்குத்தான் சமம். தண்ணீர் முதலில் பள்ளமான ஓடைகளில் புகுந்து, முன்னே நிற்பவருக்குத் தெரியாமல் முதுகுப்புறம் நிறைந்துவிடும். ஒரு மாலை, மீனவர்கள் கூவிய பிறகே திரும்பிய ஒரு குடும்பம், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து வந்ததைப் பார்த்தேன். அந்தத் தாயின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஆகவே, கடல் இறங்கும்போதே பின்தொடர்ந்து போய், அது ஏறத் தொடங்குமுன் கரை சேர்ந்துவிடுங்கள். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கு இன்று உதவாது. உள்ளூர் மீனவரைக் கேட்பதே உத்தமம். பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளுக்கு ஒரு வசதி: ஓர் ஊரில் ஒரே திதியில் ஏற்ற நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

சேற்றில், கவிழ்த்த சட்டி போன்ற ஓடும் ஈட்டி போன்ற வாலுமாக குதிரைலாட நண்டைக் காணலாம். டைனோசருக்கும் முந்திய குலம். ரத்தம் நீல நிறம். வாலில் விஷமில்லை. மல்லாந்து கிடந்தால் வாலைப் பிடித்து இழுக்காமல், ஓட்டின் இரு விளிம்பையும் பிடித்துப் புரட்டிவிடச் சொல்லிப் பேரக் குழந்தைகளைப் பழக்குங்கள்.

அருகிலேயே ஏவுகணைச் சோதனைத் தளம் உள்ளது. சோதனை நாட்களில் சுற்றுக் கிராம மக்களையே தற்காலிகமாக அப்புறப்படுத்துவதுண்டு. பாலசோரில் இறங்கியதும் விசாரித்துவிட்டு வண்டி பிடியுங்கள்.