உங்களுக்குத் தெரியுமா? பழைய லான்ட் குரூசருக்கு ஐந்தாவது கியர்

மாரியில் இரணைமடுப் பக்கத்து வயற்பாதைச் சேறு. அதைத் தாண்டினால் நேராக நீளும் ஏ9 வீதி. கிளிநொச்சியில் ஓடும் நாலு சக்கர இழுவை வண்டி இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

டொயோட்டாவின் 40 தொடர் லான்ட் குரூசர்களில் வந்த, நான்கு கியர் கொண்ட பெட்டிகளில் எச்42-இன் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 3.55, எச்41-இல் அது 4.9. சுமையோடு சேற்றில் ஊர்ந்து போக எச்41தான் கைகொடுக்கும். ஆனால் இரண்டிலும் நான்காவது கியர் 1-க்கு 1 என்பதால் பெருவீதியில் எஞ்சின் அலறும்.

இந்தக் குறையைத் தீர்ப்பது டொயோட்டாவே செய்த எச்55எஃப் என்ற ஐந்து கியர்ப் பெட்டி. முதல் கியர் 4.84, ஐந்தாவது 0.845. நான்காவதில் நிமிடத்துக்கு 3000 தரம் சுழலும் எஞ்சின், அதே வேகத்தில் ஐந்தாவதில் சுமார் 2535-க்கு இறங்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழும்.

இந்தப் பெட்டி பழையதைவிடச் சற்று நீளமானது. அதனால் மாற்றிப் பொருத்தும்போது முன் புறொப்பெல்லர் தண்டை நீட்டி, பின் தண்டைக் குறுக்க வேண்டும். வாங்கும்போது பொருந்தும் ட்ரான்ஸ்பர் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு தனியாகத் தேடுவது வீண் அலைச்சல்.