கரிசற் கிராமங்களில் தொட்டிக் காய்கறிச் செடிகள்

ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கங்களில் பத்து ஏக்கர் கரிசலில் பருத்தியும் சோளமும் விளைவிக்கத் தெரிந்த குடியானவர், வீட்டு முற்றத்தில் நான்கு தொட்டிகளில் தக்காளி வைத்து அது வாடக் காண்பது சாதாரணம். அவருடைய நிலத்து அனுபவமே இங்கு அவரை ஏமாற்றுகிறது.

கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும் குணமுடையது. நிலத்தில் இதனால் பெருந்தீங்கில்லை. வேர் ஆழச் சென்று அடியீரத்தைப் பற்றிக்கொள்ளும். தொட்டியிலோ வேர் ஓடுவதற்கு ஓரடிக்கு மேல் இடமில்லை. மண் காய்ந்தவுடன் தொட்டியின் சுவரை விட்டு விலகி, சுற்றிலும் சந்து உண்டாகிறது. ஊற்றும் நீர் அச்சந்தின் வழியே நேரே இறங்கி அடித்துளையில் வடிந்துவிடும். துளையில் நீர் வந்ததைக் கண்டு வீட்டார் போதுமென்று நிறுத்துவர், நடுவேரோ நனைந்திராது. மறுநாள் இலை துவளவே இருமடங்கு ஊற்றுவர். மண் உப்பிச் சேறாகி, காற்றோட்டமின்றி வேர் அழுகும்.

மண் விலகிய தொட்டியை நீர் நிறைந்த அண்டாவில் முக்கால் உயரம் அமிழ்த்தி, குமிழிகள் எழுவது நின்றதும் வெளியே எடுத்து வடியவிட வேண்டும். இது முதலுதவி மாத்திரமே. செடி நடுமுன்பே செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, மக்கிய தொழுவெரு 1 பங்கு கலந்துகொள்வதே முறை. செம்மண் கிட்டாத ஊர்களில் கரிசல் 1 பங்குக்கு மணல் 2 பங்கும் எரு 1 பங்கும் சேர்க்கலாம். மணலுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவும் உதவும். ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுதி. தக்காளி, கத்தரிக்கு 12 அங்குல ஆழமும், கீரைக்கு 6 அங்குலமும் போதும். அடித்துளையின்மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்த பின்னரே மண் நிரப்புவது. மேலே நிலக்கடலைத் தோலைப் பரப்பினால் ஈரம் காக்கும்.

அடுப்புச் சாம்பலைத் தொட்டியில் கொட்டும் வழக்கம் எங்குமுண்டு. புளிப்பு மண்ணுக்கு அது மருந்து. கரிசலோ இயல்பாகவே காரத்தன்மை உடையது. சாம்பல் அதை அதிகப்படுத்த, இரும்புச் சத்து வேருக்கு எட்டாமல் இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் தோன்றும். தக்காளிக் காயின் அடி கறுத்தால் முட்டை ஓட்டைப் பொடித்து இடுவோரும் உளர். சுக்கான் நிறைந்த இம்மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் காயவிட்டு ஒருநாள் மூழ்கடிப்பதால் அச்சத்து காய்க்குப் போய்ச் சேராமையே பெரும்பாலும் காரணம். மேல்மண்ணில் விரலை ஓரங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரமில்லையேல் மட்டும் ஊற்றுவது நலம். உவர்க் கிணற்று நீரால் வெள்ளை உப்புப் படியுமாயின், ஐப்பசி மழையில் தொட்டியை நன்றாக நனையவிட்டு உப்பை வடியச் செய்யலாம்.

மண்ணைவிட முக்கியமாகக் கவனிக்கவேண்டியது பாத்திரம். பட்டாசுத் தொழில் மிகுந்த இவ்வட்டாரத்தில் இரசாயனம் வந்த பீப்பாய்களை மலிவென்று வாங்கி, பாதியாக அறுத்துச் செடி வைப்பது ஆபத்து. பச்சை ஒளிக்காகப் பட்டாசில் சேர்த்துவந்த பேரியம் நைட்ரேட் நீரில் கரையும் நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புக்களை உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் தடைசெய்தது. ஆயினும் பழைய பீப்பாய் எதைக் கொண்டுவந்தது என்பதை வெறுங்கண்ணால் அறிய இயலாது.

வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் உரமாகவும் விற்கப்படுவது மெய்யே. அதனை நம்பி ஆலையில் சிந்தியதைக் கூட்டி வந்து செடிக்கு இடுவது அறியாமை. அதில் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்திருக்கக்கூடும். அக்கலவை வீட்டிலிருப்பது தீயை அழைத்து வைப்பதாகும். வெண்மையைக் கண்டு வெடியுப்பையும் பேரியம் நைட்ரேட்டையும் பிரித்தறியவும் முடியாது.

அத்தகைய பீப்பாயில் ஏற்கெனவே செடி இருப்பின் அதன் காயை உண்ணலாகாது; மண்ணை எருக்குழியிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. இரசாயனம் படிந்த காலிப் பீப்பாய்கள் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே கிராம நிர்வாக அலுவலர்கள் தம் ஊரில் இவை விலைக்கு வருவதைக் கண்டால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியது.