சுவாமியார் இல்லாத பங்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கோயில் மணி ஒலித்து ஓய்கிறது. மணியை அடித்தவர் சங்கிலித்தாம். பீடத்து மெழுகுதிரிகளை ஏற்றியவரும் அவரே. முன்வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் மூப்பர் செபமாலையைத் தொடங்க, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக மாறி மாறிச் சொல்லுகின்றனர். சுவாமியார் இன்னும் அறைவீட்டை விட்டுப் புறப்படவில்லை. ஆயினும் வழிபாடு தொடங்கிவிட்டது.

நமது வடபகுதிக் கத்தோலிக்க ஊர்களில் இது பழகிய காட்சி. பழகிய காட்சியாதலால் அதன் பெருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சுவாமியார் வருமுன் செபத்தைத் தொடங்கும் இம்மக்களின் முன்னோர், சுவாமியாரே இல்லாத ஒரு காலத்தில், ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, ஏறக்குறைய 30 ஆண்டுகள் தம் பங்குகளைத் தாமே காத்து நின்றனர் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரியனவாயின. விவாகமும் பிள்ளைப் பேறும் சட்டப்படி செல்ல வேண்டுமாயின் அச்சபையின் தோம்பிலே பெயர் பதிதல் வேண்டும். பதியாதோர் முதுசச் சொத்தின் உரிமைக்கே இடையூறு நேரக் கூடும். ஆகவே பலர் பகலிலே அங்கு சென்று பெயரைப் பதிந்தனர்; இரவிலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய செபங்களைச் சொல்லினர்.

குருவின்றிப் பங்கு எவ்வாறு நடந்தது? அவசர வேளையில் எவரும் தண்ணீர் வார்த்து, உரிய வாசகத்தைச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. குருவில்லாத ஊரிலே அந்த விதியே பெருந்துணையாயிற்று. பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பிக்கத் தாய்மார் இருந்தனர். சாவு வீட்டிலே செபம் சொல்ல ஊர்ப் பெரியவர்கள் இருந்தனர். பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லை. அவற்றுக்கான ஏக்கம் மாத்திரம் இருந்தது.

மருதமடுத் திருத்தலத்தின் வரலாறும் இக்காலத்திலேதான் தொடங்குகிறது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த 20 குடும்பங்கள், தம் கோயிலின் மாதா சுருவத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்பது வழிவழி வந்த செய்தி. அவர்கள் கோயிற் சுவர்களைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மாதாவையும் செபத்தையும் ஒருவரையொருவரையும் கொண்டு சென்றனர். பங்கு அவர்களோடு போயிற்று.

1687ஆம் ஆண்டிலே கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாப் பட்டினத்திலிருந்து, யோசேவாஸ் அடிகளார் கூலியாளின் வேடத்தில் இலங்கை வந்து சேர்ந்தார். வழியிலேயே நோய் கண்டு மெலிந்தவர், யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே ஒரு செபமாலை. அதைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார் என்பர். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர். கட்டளையை மீறினால் என்ன நேரும் என்பதை அறிந்தே அளித்தனர். பின்னர் ஒரு கிறிஸ்மஸ் இரவில் பூசைக்குக் கூடியிருந்தோர் கைது செய்யப்பட்டதும், சிலர் சிறையில் வாடியதும் வரலாறு. அடிகளார் 1711ஆம் ஆண்டு கண்டியிலே உயிர் நீத்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்து சென்றார். புனிதர் பட்டம் அடிகளாருக்குரியது. ஆனால் அந்தச் செபமாலையைக் கண்டு கதவைத் திறந்த பெயர் தெரியாத வீட்டாருக்கும் அந்த மகிமையிலே ஒரு பங்குண்டு அன்றோ?

அக்காலத்தின் சுவடுகள் நம் நாவிலே இன்றும் உள்ளன. சங்கிலித்தாம், கொம்பிரியா, குருசு, பாதிரி என்பன யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். அச்சொற்களைத் தந்தவர்கள் கப்பலேறிப் போயினர். சொற்களை ஊர் விடவில்லை. 1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தபசு காலத்திலே நம் ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருகிறது. 1960களில் இலத்தீன் பூசை தமிழ்ப் பூசையாக மாறிய பின்னும் அந்த வாசிப்பு மாறவில்லை. ஏனெனில் அது என்றுமே மக்களின் சொத்து.

பழைய கதையென்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ பங்குகள் கோயிலை விட்டு வீதியில் நடந்தன. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதாவின் சுருவமே தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆகஸ்டில் திரும்பி வந்தது. மாந்தைக் குடும்பங்கள் நடந்த நடையை, 300 ஆண்டுகளின் பின் அவர்கள் வழிவந்தோர் மீண்டும் நடந்தனர்.

இன்று தடை விதிப்பார் எவருமில்லை. கோயில்கள் புதுப்பிக்கப்பட்டு அழகாக நிற்கின்றன. ஆனால் வேறொரு குறை மெல்ல மெல்லத் தலைகாட்டுகிறது. வியாகுலப் பிரசங்கத்தை இராகம் பிசகாமல் வாசிக்கத் தெரிந்தோர் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. கூத்துப் பழக்கிய அண்ணாவிமாரின் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். ஒல்லாந்தர் கட்டளையால் அழிக்க முடியாததை நமது அசட்டையால் நாமே இழந்துவிடலாமா?

மாணவச் செல்வங்களே, இதற்குப் பெரிய சபையோ பெரும் பணமோ வேண்டியதில்லை. அடுத்த தபசு காலத்திலே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பாச்சியின் அருகே அமருங்கள். அவர் பாடும் ஒப்பாரியையும், சொல்லும் பழைய செபத்தையும், மூப்பராயிருந்த பெரியவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். பின்னர் ஒரு முறையாவது அவரோடு சேர்ந்து பாடிப் பாருங்கள்.

சுவாமியார் வருவார், மாற்றலாகிப் போவார். மணியை அடிப்பதற்கு ஊரிலே ஒருவர் எப்பொழுதும் இருக்க வேண்டும்.