எக்ஸ்ரேயில் பாப்பாயின் கை

ராத்திரிச் சோற்றை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் படுத்த கிரேட் டேன் நாய், கொஞ்ச நேரத்தில் எழுந்து நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓங்கரிக்கிறது, நுரைத்த எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. விலாவை ஒட்டி வயிறு உப்பியிருக்கிறது. விரலால் சுண்டினால் தம்பட்டம்போல் ஒலிக்கிறது. கால்நடை மருத்துவருக்கு இது போதும்: இரைப்பை முறுக்கிக்கொண்டதோ?

ஆழமான, ஒடுங்கிய மார்புள்ள பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஜான் குரோகனின் 'மார்லி அண்ட் மீ' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். லாப்ரடாரான மார்லியைப் படுத்தியதும் இதுதான். ஊதிய இரைப்பை திரும்பிக்கொண்டால் உணவு வரும் வழியும் போகும் வழியும் அடைபடும். மண்ணீரலும் கூடவே இழுபடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரை நசுங்கினால், சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

வாயு ஏறியிருப்பது கைக்கே தெரிகிறது. முறுக்கு உண்டா என்பதுதான் தெரிய வேண்டும். வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து முடிவுகட்ட முடியாது. முறுக்கிய இரைப்பைக்குள்ளும் சில நேரம் குழாய் இறங்கிவிடும். ஆகவே சிரைவழித் திரவம் ஏற்றி, வாயுவைக் கொஞ்சம் இறக்கி, நாயை எக்ஸ்ரே மேசைக்குக் கொண்டுபோகிறார்கள்.

எந்தப் பக்கம் படுக்க வைப்பது? வலப்பக்கம்தான். மல்லாத்தினால் அந்தச் சிரை இன்னும் நசுங்கும்.

வலப்பக்கம் ஏன் என்பது கொத்தனாரின் ரசமட்டத்தை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். எப்படிச் சாய்த்தாலும் குமிழி மேட்டுக்குத்தான் போகும். நாய் வலப்பக்கம் படுத்தால் அதன் இடப்பக்கம் மேடு. இரைப்பையின் அகன்ற பகுதி இயல்பாகவே இடப்பக்கம் இருப்பதால் வாயு அங்கே சேரும். குடலோடு சேரும் குறுகிய பகுதி வலப்பக்கம், பள்ளத்தில், திரவம் நிறைந்து கிடக்கும். முறுக்கு விழுந்தால் அந்தக் குறுகிய பகுதி முதுகை நோக்கி ஏறி இடப்பக்கம் போய்விடுகிறது. இப்போது வாயு அதற்குள்ளும் புகும். படத்தில் ஒரு பெரிய கருங்குமிழி, அதன்மேல் ஒரு சின்னக் குமிழி, இரண்டுக்கும் நடுவே மடிப்பு விழுந்த வெள்ளைப் பட்டை. கார்ட்டூன் பாப்பாய் கீரையைத் தின்றுவிட்டு மடக்கிக் காட்டும் கை என்று மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு. இதே நாயை இடப்பக்கம் படுக்க வைத்து எடுத்தால் சின்னக் குமிழி திரவத்தில் மறைந்து, முறுக்கு கண்ணில் படாமலே போகலாம்.

படத்தில் பிரிவில்லாத ஒரே குமிழி என்றால் வெறும் உப்புசமாக இருக்கலாம். இரண்டு என்றால் அறுவை அரங்குதான். இரைப்பையைத் திருப்பிச் சரியாக்கி, வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். பின்னொரு நாள் வாயு ஏறினால் உப்பத்தான் செய்யும், திரும்பிக்கொள்வது அரிது.